'ர்' இல்லாத மாதத்தில் ஐந்து சட்டி மட்டி

1

சென்ற கிழமை கோப்பாயிலிருந்து சிவநேசனின் குரல் செய்தி ஒன்று வந்தது. சிவநேசன் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். நான் ஒன்பதோடு நின்றுவிட்டேன். அவன் படித்து வாத்தியாராகி, இப்போது பென்சனும் எடுத்துவிட்டான்.

"டேய் மச்சான், மகன்காரன் பாரிசுக்கு விசா எடுத்துத் தந்திருக்கிறான். அங்கையிருந்து உன்னட்டையும் ரெண்டு நாள் வாறன். உங்கை பெல்ஜியத்திலை மட்டியும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான் பேர்போன சாப்பாடாம். யூரியூப்பிலை பாத்தனான். உங்கடை நகரத்திலை எந்தக் கடை திறமெண்டு விசாரிச்சு வை."

அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். மூன்று முறையும் சிரித்தேன். ஏனென்றால் எனக்கு 'மட்டி' என்று பட்டம் வைத்தவனே இந்தச் சிவநேசன்தான்.

எங்கள் பக்கத்தில் மட்டி என்றால் கடலில் எடுக்கும் மட்டி. மண்டையில் ஒன்றும் ஏறாதவனுக்கும் அதுதான் பெயர். நான் கொழும்புத்துறைப் பெடியன். அப்பா கடல் தொழில். வற்றுக் காலத்தில் அம்மாவும் சின்னம்மாவும் முழங்கால் தண்ணீரில் இறங்கி மட்டி பொறுக்குவார்கள். கணக்கில் எனக்கு இருபது புள்ளிக்கு மேல் வந்ததில்லை. ஆகவே பட்டம் இரண்டு பக்கத்தாலும் பொருந்தியது. கோப்பாய்த் தோட்டக்காரர் அந்த நாளில் மட்டியைக் கையாலும் தொடமாட்டார்கள். அம்மாவும் வெளியாட்கள் வந்தால் மட்டிக் கறிச் சட்டியை மூடிவைத்துவிட்டு, முட்டை பொரித்துக் கொடுப்பா.

அந்தச் சிவநேசன் இன்று என்னிடம் மட்டிக்கு வழி கேட்கிறான். அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. ஊரில் இருக்கும் நீங்களும் வாசித்தால் நல்லது என்று முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

2

நான் இருப்பது அன்ற்வேர்ப்பன் நகரம். ஸ்கெல்ட என்ற பெரிய ஆற்றங்கரையில் இருக்கிறது. கப்பல் வரும். ஆற்றுக் காற்றில் சில நாட்களில் எங்கள் கடலேரி மணம் வருவதுபோல இருக்கும். பவானியிடம் சொன்னால், "உங்களுக்கு மூக்கிலை ஏதோ பிழை" என்பாள். பவானி என் மனைவி.

இந்த நகரத்தில் மட்டி சமைக்கும் ஒரு கடையில் பத்தொன்பது வருடம் குசினியில் நின்றேன். பிறகு முழங்கால் ஒத்துவரவில்லை. இப்போது ஒரு பாடசாலையில் கூட்டித் துடைக்கும் வேலை. கடையின் பெயரை எழுதவில்லை. சிவநேசன் வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன்.

அந்த வேலை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் டச்சில் ஒரு சொல்லும் தெரியாது. தெரிந்த ஒருவர் ஒரு விலாசத்தை எழுதித் தந்து, "கோப்பை கழுவ ஆள் தேடினம், போய்ப் பார்" என்றார். போனேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதவு. அதில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கா, ந், தோ, ர். கந்தோர்! எங்கள் ஊரில் அலுவலகத்துக்குச் சொல்லும் அதே சொல். யாரோ எங்கடை ஆள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போனேன். அங்கே முதலாளியம்மா இருந்தா. மதாம் ரீற்றா என்று பெயர்.

அவ ஏதேதோ கேட்டா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. கந்தோர் சரியாக இருந்ததே, இதுவும் சரியாக இருக்கலாம் என்று துணிந்து, "மதாம், கக்கூசு?" என்றேன்.

அவ கண்ணாடியைக் கழற்றினா. ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. அந்தச் சொல் இவர்களிடம் உண்டு. துறைமுகத்துக் கிழவர்கள் குடிவெறியில் சொல்லும் சொல். வேலை கேட்டு வந்தவன், அதுவும் கைகட்டி நின்று மரியாதையாகக் கேட்கும் சொல் அல்ல. நான் போய்விட்டுத் திரும்பி வந்ததும் என்னைக் குசினிக்குள் கூட்டிப் போனா. கரண்டி எடுக்க மேசையின் இழுப்பறையை இழுத்து 'லாச்ச' என்றா. "லாச்சி!" என்று நான் கத்தினேன். பச்சை பீன்ஸ் இருந்த ஒரு கூடையைத் தூக்கிக் காட்டி 'போன்ச்சஸ்' என்றா. "போஞ்சி!" என்றேன். அவ சமையற்காரனைக் கூப்பிட்டு, "இந்த மனுசனுக்கு எங்கள் பாட்டன்மாரின் டச்சு தெரியும்" என்று சொன்னாவாம். அன்றே ஏப்ரன் தந்தா.

ஒல்லாந்தர் எங்கள் ஊரைப் பிடித்து விட்டுப்போன நாலு சொல்லை வைத்து நான் இங்கே நாலு நாள் பிழைத்தேன். ஐந்தாம் நாள்தான் கஷ்டம் தொடங்கியது. அது வேறு கதை.

3

சிவநேசா, இனி நீ கேட்டது.

பெரிய தேவாலய முன்றலில் படம் போட்ட பலகை வைத்து, வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் கடைகளுக்குப் போகாதே. பின்னால் ஆற்றுப் பக்கம் இறங்கு. எந்தக் கடையில் வயது போனவர்கள் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு பேசாமல் சாப்பிடுகிறார்களோ, அங்கே போ. ஆளுக்கொரு கறுப்புச் சட்டி மூடியோடு வரும். வெங்காயம், லீக்ஸ், செலரி, கொஞ்சம் வெள்ளை வைன் விட்டு அவித்திருப்பார்கள். வைன் வேண்டாம் என்றால் முதலே சொல். அவிந்த பிறகும் வாய் திறக்காத மட்டியை உடைத்துத் தின்னப் பார்க்காதே. அது செத்த மட்டி.

முக்கியமான விசயம் ஒன்று. உருளைக்கிழங்கை இவர்கள் இரண்டு தரம் பொரிப்பார்கள். அதனால்தான் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஆனால் நல்ல கடை என்று பெயர் எடுத்த கடைகள் பலவற்றில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். கேட்காமல் வாயில் வைக்காதே. மரக்கறி எண்ணெயில் பொரிக்கும் தள்ளுக்கடைகள் இரண்டு எனக்குத் தெரியும். எங்கள் சனம் அங்கேதான் நிற்கும்.

மட்டியைத் துப்புரவாக்குவதைப் பற்றிக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். தாடி மாதிரி ஒரு நார் இருக்கும், அதை இழுக்க வேண்டும். வாய் திறந்திருப்பதை விரலால் தட்ட வேண்டும். மூடினால் உயிர் இருக்கிறது. மூடாவிட்டால் வாளிக்குள். இப்படிப் பத்தொன்பது வருடம் தட்டினேன்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் அதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அந்தப் பத்தொன்பது வருடத்திலும் நான் பார்த்ததில்லை. குசினிக் கதவால் சட்டிகள் நிறைந்து போகும். அரை மணித்தியாலத்தில் வெறுங்கோதாகத் திரும்பி வரும். இடையில் நடப்பது கதவுக்கு அந்தப் பக்கம். நாங்கள் வேலை தொடங்க முதல் குசினியில் ஒரு சட்டியைச் சுற்றி நின்று கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொள்வோம். அவ்வளவுதான்.

அதுவும் வருடத்தில் இருபத்தைந்து நாள் நான் தொடமாட்டேன். நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் இறங்கும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒன்றும் இல்லை. ஊரில் அது புதினமான விசயம் இல்லை. அப்பா கொடி நாட்களிலும் கடலுக்குப் போவார், பிடிப்பார், விற்பார். ஒரு மீனையும் வீட்டு வாசல் தாண்ட விடமாட்டார். "கைக்கு விரதம் இல்லை, வாய்க்குத்தான்" என்பார். நானும் அப்படித்தான். இங்கே மட்டிக் காலம் தொடங்குவதும் அங்கே கொடி ஏறுவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். கடையில் சனம் முட்டி வழியும். கை மட்டிக்குள் இருக்கும். நான் பாண் ரொட்டியும் தக்காளிப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு தட்டித் தட்டிப் போடுவேன். மதாம் ரீற்றா, "கந்தையா மட்டிக்கு வாய் திறக்காத மாதம் வந்துவிட்டது" என்பா.

கந்தையா என் பெயர் அல்ல. அப்பாவின் பெயர். அகதி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் எழுதுவது என்று தெரியாமல் எழுதிய நாளிலிருந்து இந்த நாட்டுக்கு நான் கந்தையா. என் மகளும் கந்தையா. மகளின் கலியாணப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுக்க இந்த வருடம் நகரசபைக் கந்தோருக்குப் போனபோது, "உங்கள் குடும்பப் பெயர்தானே உங்கள் அப்பாவின் சொந்தப் பெயர்? அப்படியென்றால் அவருடைய குடும்பப் பெயர் என்ன?" என்று அங்கே மேசையில் இருந்த பெண்பிள்ளை கேட்டது. "அவருடைய அப்பாவின் பெயர்" என்றேன். "அவருக்கு?" என்றது. அப்படியே பின்னுக்குப் பின்னுக்குப் போனோம். எனக்குத் தெரிந்த பாட்டன்மார் முடிந்ததும் அது பெருமூச்சு விட்டு, சீல் குத்தித் தந்தது.

4

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. வயது இருபத்தாறு. வங்கியில் வேலை. அவள் விரும்பிய பையன் யோரிஸ். இந்த நாட்டுப் பையன். நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைப்பான், சாமி அறைப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போவான். தாய் இல்லை. தகப்பன் லூக் மட்டும். ஆற்றில் சாமான் ஏற்றும் நீளப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் நாங்கள் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

சென்ற ஆவணியில் ஒரு நாள் ஆரணி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, சனிக்கிழமை எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுறம். எங்கை தெரியுமோ? உங்கடை பழைய கடையிலை! யோரிஸ்தான் யோசிச்சவன். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டுமெண்டு சொல்ல வேண்டாமெண்டவன், நான்தான் வாய் பொறுக்காமல் சொல்லுறன். அஞ்சு சட்டி மட்டி முதலே சொல்லி வைச்சாச்சு."

நானும் பவானியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சனிக்கிழமை நல்லூரில் மஞ்சத் திருவிழா, கொடி ஏறிப் பத்தாம் நாள்.

அவளுக்கு நினைவில்லை. சின்ன வயதில் அவளும் எங்களோடு இருபத்தைந்து நாளும் சைவம்தான். பல்கலைக்கழகம் போய், பிறகு வேறு வீடு எடுத்து, அந்த நாட்களெல்லாம் அவளுக்குப் பொது நாட்களாகிவிட்டன. அவளில் குறை சொல்லவில்லை. இங்கே சுவரில் தொங்கும் கலண்டரில் முருகன் இல்லை.

அவள் போன பிறகு பவானி தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்? கொடி ஏறிட்டுதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பிள்ளை எவ்வளவு சந்தோசமா வந்து சொன்னது. பெடியனும் எனக்காகத்தானே அந்தக் கடையைப் பிடிச்சிருக்கிறான். முதல் நாளே சம்பந்திக்கு முன்னாலை உது தின்னமாட்டன், அது தின்னமாட்டன் எண்டு நிண்டால் அவளுக்குத்தானே தலைகுனிவு?"

"அப்ப தின்னப் போறியளோ?"

"வயித்துக்குச் சரியில்லையெண்டு சொல்லுவம்."

"நல்லாயிருக்கு! முருகன்ரை விரதத்துக்கு முருகன்ரை பேரிலை ஒரு பொய்."

என் விரதத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. அது பவானிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆரணி நாள் வருமுன் பிறந்தவள். ஏழரை மாதம். அதுவும் ஒரு ஆவணி, நல்லூர்ச் சப்பறத் திருவிழாவுக்கு முதல் நாள். நான் குசினியில் மட்டி அலசிக்கொண்டு நிற்கும்போது ஆசுப்பத்திரியிலிருந்து அழைப்பு. ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவில் கிடந்தாள். பக்கத்தில் ஒரு வட்டத் துவாரம். தாதி, "ஒரு விரலால் தொடலாம்" என்று சைகை காட்டினா. நாலு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் விரலில் மட்டி மணம் போகவில்லை. என் பிள்ளைக்கு உலகத்தில் முதல் தெரியும் மணம் இதுவோ என்று வெட்கமாக இருந்தது. டொக்டர், இரண்டு மூன்று நாள் போகட்டும் என்று மட்டும் சொன்னார்.

நான் நல்லூரானிடம் கேட்டேன். காவடி எடுக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. கையில் பாஸ்போட் இல்லை, விண்ணப்பம் கந்தோர் கந்தோராகத் திரிந்த காலம். ஆகவே என்னால் முடிந்ததைச் சொன்னேன். "முருகா, இந்தப் பிள்ளையைத் தா. உயிர் உள்ளவரை உன் கொடி பறக்கும் நாள் ஒன்றிலும் மச்சம் என் வாயில் படாது." அதுவரை நான் கொடிக்கு விரதம் பிடித்தது ஊர் வழக்கத்துக்காக. அன்றிலிருந்து அவளுக்காக.

பிள்ளையை முருகன் தந்தான். கண்ணாடிப் பெட்டிக் கதையை ஆரணிக்கு நாங்கள் சொன்னதே இல்லை. பவானி இன்றைக்கும் அதைக் கதைக்க விடமாட்டாள். நேர்த்திக்கடனை யாரிடமும் சொல்லித் திரிவதும் என் வழக்கம் இல்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் முகத்துக்காக அந்தப் பிள்ளைக்கு வைத்த நேர்த்தியை உடைப்பதா? இரண்டு நாள் இதையே யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வராமலே சனிக்கிழமை வேட்டியை விட்டுக் காற்சட்டை போட்டேன். திருநீற்றை மட்டும் அழிக்கவில்லை.

5

முன்வாசலால் அந்தக் கடைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. மேசைகளில் வெள்ளைத் துணி. கால் கூசியது. லூக் எழுந்து நின்று, பெரிய கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கந்தையா!" என்றார். அப்பாவை யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது.

இருந்தோம். கதை ஓடவில்லை. என் டச்சு குசினி டச்சு. 'கழுவு', 'கொண்டுவா', 'சூடு, விலகு' எல்லாம் தெரியும். சம்பந்தியோடு கதைக்கும் டச்சு தெரியாது. லூக்கும் பேச்சுக் குறைந்த மனிதர். ஆரணி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் கை மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது பவானி அவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள். "பிள்ளை, இஞ்சை கக்கூசு எந்தப் பக்கம்?"

லூக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரைக்கேறியது. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "எனக்கு விளங்கியது! உங்கள் மொழி எனக்கு விளங்கியது!" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஆரணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ஐயோ அம்மா..." என்றாள். பவானி, "நான் என்ன கூடாத கதையே கேட்டனான்?" என்று என்னைப் பார்த்தாள். அவள் படகில் பிறந்தவள்போல நேர்த்தியான டச்சு கதைக்கிறாள் என்று லூக் சொன்னதை ஆரணி மொழிபெயர்த்தாள். பவானி பெருமையோடு எழுந்து போனாள்.

அவள் திரும்பி வரவும் சட்டிகள் வரவும் சரியாக இருந்தது. ஐந்து கறுப்புச் சட்டி. ஆளுக்கு முன்னால் ஒன்று. நடுவில் பொரியல் மலை. யோரிஸ் மூடியைத் திறந்தான். ஆரணி திறந்தாள். ஆவி எழுந்தது.

நான் திறக்கவில்லை. கையை மூடியின் மேல் வைத்தபடி இருந்தேன். பவானியும் திறக்கவில்லை. எங்களைப் பார்க்கிறார்களோ என்று பயந்து நிமிர்ந்தால், எதிரே லூக்கின் சட்டியும் மூடியபடி. அவரும் கையை மூடியின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

"அப்பா" என்றாள் ஆரணி. கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா... கொடி ஏறிட்டுதோ?"

"ஓம் பிள்ளை."

"எப்ப?"

"பத்து நாள். இண்டைக்கு மஞ்சம்."

"ஐயோ. நான் மறந்துபோனன். நீங்களாவது சொல்லியிருக்கலாம்தானே!"

அந்தப் பக்கத்தில் யோரிசும் தகப்பனோடு ஏதோ வாக்குவாதம். ஆரணி கேட்டுச் சொன்னாள். லூக்கின் தாய் படகில் சமைத்தவ. 'ர்' என்ற எழுத்து இல்லாத மாதத்தில் மட்டி வாங்கமாட்டாவாம். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், டச்சில் எப்படிச் சொன்னாலும் நாலிலும் 'ர்' இல்லை. ஐஸ் இல்லாத அந்த நாளில் கோடை மட்டி வயிற்றைக் கெடுக்கும். இப்போது குளிர்ப்பெட்டி வந்து எல்லாரும் தின்கிறார்கள். ஆனாலும் அவர் தின்பதில்லை. "இன்றைக்கு ஒரு நாளாவது விடுவார் என்று நினைத்தேன்" என்று யோரிஸ் தலையில் கைவைத்தான்.

"அம்மா போய் முப்பது வருடம்" என்றார் லூக். "ஆனால் மூடியைத் திறக்கக் கை வரவில்லை." பிறகு என் சட்டியைக் காட்டிக் கேட்டார். "உங்களுக்கும் 'ர்' இல்லையா?"

இந்த மனிதனிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டச்சில் தொடங்கினேன். "என் கடவுளுக்கு..." என்றதோடு சொல் முடிந்துவிட்டது. ஆரணியிடம் திரும்பினேன்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு பிள்ளை. ஒரு பிள்ளை நேரத்துக்கு முந்திப் பிறந்தது."

சொன்னாள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவை. ஒரு விரலாலை தொடத்தான் விட்டவை."

சொன்னாள். வங்கியில் வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல மளமளவென்று சொன்னாள்.

"அப்ப தகப்பன் நல்லூரானிட்டைக் கேட்டவன். பிள்ளையைத் தந்தால் கொடி நாளிலை சாகுமட்டும் மச்சம் தொடமாட்டன் எண்டு."

பாதி சொன்னாள். நின்றாள்.

"அப்பா, எந்தப் பிள்ளை?"

"எனக்கு எத்தினை பிள்ளை?"

அவள் என்னையே பார்த்தாள். யோரிஸ் என்ன என்ன என்று கேட்டான். அவள் மிச்சத்தைச் சொல்லவில்லை. லூக் அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?" என்றாள் ஆரணி.

பவானிதான் சொன்னாள். "பத்தொன்பது வருசம் மட்டியோடை நிண்டு மனுசனும் மட்டியாப் போச்சு. தட்டினால் வாயை இறுக்கி மூடுறதுதான் தெரியும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது ஆரணிக்கு. கண்ணைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த தன் மூடியை எடுத்து, ஆவி பறந்த சட்டியின் மேல் வைத்தாள். 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைப் பத்தொன்பது வருடம் நாளுக்கு நூறு தரம் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை.

6

மதாம் ரீற்றா வந்தா. தலை முழுக்க நரைத்துவிட்டது. நாலு மூடிய சட்டியைப் பார்த்தா, என் நெற்றியைப் பார்த்தா. பிறகு யோரிசைப் பிடித்தா. "ஆகஸ்ட் மாதத்தில் கந்தையாவுக்கு மட்டியா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இந்தப் பொரியலும் எடுபடாது, இது மாட்டுக் கொழுப்பு." நாலு சட்டியையும் குசினிப் பொடியன்களுக்கு அனுப்பினா. சின்னத் தாச்சியில் சூரியகாந்தி எண்ணெய் விட்டு எங்களுக்கு வேறாக உருளைக்கிழங்கு பொரித்து வந்தது. பாண், தக்காளிப்பழம், லூக்குக்கு ஒரு முட்டைப் பொரியல். யோரிசை மட்டும் லூக், "நீ தின். உனக்கு 'ர்' கணக்கும் கிடையாது, கொடியும் கிடையாது" என்று விட்டார். அவன் ஒற்றைச் சட்டியைக் குற்றவாளிபோலத் தின்று முடித்தான்.

நான் கடதாசித் துவாலையில் எங்கள் மாதங்களை எழுதி லூக்குக்குக் காட்டினேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. நாலிலும் 'ர' இல்லை! அடுத்தது புரட்டாதி. அதில் இருக்கிறது. ஆரணி வாசித்துச் சொல்ல, லூக் துவாலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஐப்பசியிலும் தையிலும் மாசியிலும் பங்குனியிலும் 'ர' இல்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஐப்பசியில் எப்படியும் கந்தசட்டி விரதம் வருகிறது. மற்ற மூன்றுக்கும் முருகன் பொறுப்பான்.

புரட்டாதியில் திரும்பப் போவது என்று முடிவானது. நாள் பார்க்கப் பவானி இருந்தாள். புரட்டாதிச் சனி கூடாது. வெள்ளி கூடாது. செவ்வாய் கூடாது. நவராத்திரி தொடங்க முதல் வேண்டும். யோரிஸ் பாவம், கைப்பேசியில் ஒவ்வொரு நாளாக அழித்துக்கொண்டு வந்தான். கடைசியில் ஒரு புதன்கிழமை மிஞ்சியது.

அந்தப் புதன்கிழமை ஐந்து மூடியும் ஒன்றாகத் திறந்தன. நான் கரண்டியை எடுத்தேன். லூக் என் கையைத் தட்டினார். ஒரு மட்டியைத் தின்று, அந்த வெறுங்கோதை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்து, அதையே குறடுபோல வைத்து அடுத்த மட்டியின் சதையைக் கவ்வி இழுத்துக் காட்டினார். கடைசிவரை அந்த ஒரு கோதுதான் கரண்டி. ஓ, இதுதானா கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது! எனக்குக் கை வரவில்லை, இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் கவ்வியது. "மட்டியைத் தின்னத் தெரியாத மட்டி" என்றாள் பவானி. சிவநேசா, இங்கேயும் உன் பட்டம் என்னை விடவில்லை.

ஆகவே உனக்கு என் பதில். கடை எது என்று கவலைப்படாதே. எப்போது வருகிறாய் என்பதைப் பார். கொடி நாளில் வராதே. 'ர' உள்ள மாதத்தில் வா. சனி, வெள்ளி, செவ்வாய் தவிர்த்து வா. ஆற்றுப் பக்கத்துக் கடையில் முன்வாசலால் கூட்டிப் போய் உனக்கும் ஒரு கோதைக் கையில் தருகிறேன். அன்றைக்குப் பார்ப்போம் யார் மட்டி என்று.

போன ஞாயிறு ஆரணி வந்திருந்தாள். கலியாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். "அப்பா, வாற வருசம் நல்லூர்க் கொடி எப்ப ஏறுது?" என்று கேட்டாள். பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னேன். கைப்பேசியில் அந்த நாளைத் திறந்து, அங்கிருந்து இருபத்தைந்து நாளுக்கும் ஒரு நீளக் கோடு இழுத்து, அதன்மேல் டச்சில் ஏதோ எழுதினாள்.

"என்ன பிள்ளை எழுதுறாய்? அப்பாவுக்கு விரதமெண்டோ?"

"இல்லை அப்பா" என்று திருப்பிக் காட்டினாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவ்வளவு டச்சு எனக்குத் தெரியும்.

'எங்களுக்கு ர் இல்லை' என்று இருந்தது.